ரிவர்ஸ் அடுத்த வருஷப் பாடம்

மேல்நிலைப் பள்ளியின் லாரி வகுப்பறை ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடவேளையில் பள்ளியை விட்டுக் கிளம்பி, எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையைத் தாண்டி, தபால் நிலைய முனையில் இடது பக்கம் திரும்பிப் போய்விட்டது. திரும்பும்போது இண்டிகேட்டர் போட்டது என்று தபால்காரர் சொன்னார். போடவே இல்லை என்று பெட்டிக்கடைக்காரர் சொன்னார். இந்த ஒரு விஷயத்தில் ஊர் இன்றுவரை இரண்டு கட்சியாக இருக்கிறது. அறை போனதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. வேதியியல் ஆய்வகத்துக்கும் விளையாட்டுச் சாமான் அறைக்கும் நடுவே, பல் பிடுங்கிய இடம் மாதிரி ஒரு காலி இடம் இருந்தது. தாழ்வாரத்தில் நின்றவர்களுக்கு அதன் வழியே தெரு தெரிந்தது. சாமான் அறைப் பக்கத்திலிருந்து ஒரு கால்பந்து உருண்டு வந்து தெருவுக்குப் போனதையும் சிலர் பார்த்தார்கள்.

லாரி வகுப்பு வந்த கதை சுருக்கமானது. நாட்டில் லாரிகள் பெருகிவிட்டன, ஓட்டுநர்கள் குறைந்துவிட்டார்கள், இருப்பவர்களுக்கோ முட்டி வலி. பள்ளியை முடித்த பிள்ளைகள் வேலை இல்லாமல் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். இரண்டையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டால் என்ன என்று கல்வித் துறையில் யாருக்கோ தோன்றி, பதினொன்றிலும் பன்னிரண்டிலும் லாரி ஓட்டுதல் ஒரு விருப்பப் பாடம் என்று உத்தரவு வந்தது. அந்த மாதமே இன்னொரு துறையிலிருந்து இன்னொரு உத்தரவு வந்தது. பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் எந்தக் காரணத்தைக் கொண்டும் லாரி ஓட்டக் கூடாது. தலைமையாசிரியை இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், ஓடாத லாரியில் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என்று முடிவாயிற்று. லாரி கம்பெனி முதலாளி ஒருவர் பழைய லாரி ஒன்றின் முன்பகுதியை நன்கொடையாகக் கொடுத்தார். என்ஜினைக் கழற்றி வைத்துக்கொண்டுதான் கொடுத்தார். நன்கொடைக்கும் ஒரு அளவு உண்டல்லவா. ஸ்டியரிங், கிளட்ச், கியர், பக்கக் கண்ணாடிகள், காது கிழியும் ஹாரன் எல்லாம் அப்படியே இருந்தன. அதை உள்ளே கொண்டுபோகத் தெருப்பக்கத்துச் சுவரை இடித்து ஷட்டர் வைத்தார்கள். அதற்கு முன்னால் நின்ற காம்பவுண்டு சுவரையும் இடித்தார்கள். இடிக்க அனுமதி வாங்கியவர்களுக்குத் திரும்பக் கட்ட அனுமதி கிடைக்கவில்லை, அது அப்படியே கிடந்தது. பிள்ளைகள் ஆட்டி ஆட்டியே கவிழ்த்துவிடுவார்கள் என்று பயந்த வெல்டிங்காரர், லாரி முகப்பைத் தரையோடும், தரையைத் தூண்களோடும், தூண்களைக் கூரைக் கம்பிகளோடும் சேர்த்துப் பற்றவைத்தார். இனி பூகம்பமே வந்தாலும் இது தனியாக நகராது என்று அடித்துச் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அது தனியாக நகரவில்லை.

பாடம் எடுக்க ஆள் கிடைக்காமல் புவியியல் ஆசிரியரைப் போட்டார்கள். பிள்ளைகள் அவரை மேப் சார் என்பார்கள். சைக்கிள் தவிர எதையும் ஓட்டியறியாத மனிதர். பயிற்சிக்கு என்று இரண்டு வாரம் அனுப்பி, ஒரு பாடப்புத்தகத்தைக் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதில் எது எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில் அவர் நடத்தினார். முன்னால் போவது பதினொன்றாம் வகுப்பு. பின்னால் வருவது, அதாவது ரிவர்ஸ், பன்னிரண்டாம் வகுப்பு. அந்த லாரியில் கியர் மாற்றக் கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும், நடுவில் ஒரு கணம் கையைத் தளர்த்த வேண்டும். மாதக்கணக்கில் எல்லாரும் தப்பாகவே போட்டார்கள். என்ஜின் இல்லாததால் தப்பு என்று தெரியவும் வழி இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை, கால் நீளத்துக்காகக் கிளட்ச் என்றே பெயர் பெற்றிருந்த ஒரு பெண் அதைச் சரியாகப் போட்டாள். முதல் முதலாகச் சரியாக விழுந்த கியர். வண்டி கிளம்பியது. வண்டியோடு தரை, தரையோடு தூண்கள், கூரை, கரும்பலகை, பெஞ்சுகள், சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள், உலக வரைபடத்தின் முன்னால் பிரம்போடு நின்ற மேப் சார் என்று எல்லாம் கிளம்பின.

எதிர்க்கடையில் ஜெராக்ஸ் போட்டுக்கொண்டிருந்தவள் கிளட்சின் அம்மா. ஷட்டருக்குள்ளிருந்து லாரி முகப்பு ஒன்று கண்முன்னால் பெரிதாகித் திரும்புவதைப் பார்த்ததும், தன் கடைதான் நகர்கிறது என்று நினைத்து அவள் மெஷினை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அறை கடந்து போனது. ஜன்னலில் மகளின் முகம் தெரிந்தது. பயமும் இல்லை, சிரிப்பும் இல்லை, பரீட்சை எழுதும்போது வைத்துக்கொள்ளும் முகம். கடை நின்ற இடத்திலேயேதான் நிற்கிறது என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் அறை முனை திரும்பிவிட்டது. மெஷின் பாட்டுக்கு அதே பக்கத்தை எடுத்துத் தள்ளிக்கொண்டே இருந்தது.

அவளுடைய கணவர் லாரி ஓட்டுநர். சரக்கு இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வருவார். வந்தால் இரண்டு நாள் தூங்குவார், எழுந்து துண்டு எங்கே என்று கேட்பார், போய்விடுவார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை நின்ற நிலையில் பார்த்ததைவிடப் படுத்த நிலையில் பார்த்ததுதான் அதிகம் என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பாளே தவிர, அவளுக்கு அது வலித்தது. மகள் லாரி வகுப்பில் சேர வேண்டும் என்று சொன்னபோது மூன்று நாள் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட மறுத்தாள். அப்புறம் பள்ளிக்குப் போய் அந்த லாரியைத் தன் கண்ணாலேயே பார்த்தாள். மூடியைத் திறக்கச் சொல்லி, என்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் காற்றுதான் இருக்கிறது என்று கையை விட்டுத் துழாவிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டாள். இந்த ஒரு லாரியாவது எங்கேயும் போகாது என்று நம்பினாள். அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது.

பள்ளியில் முதல் சில நாட்கள் யாருக்கும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அறையில் இருந்த பிள்ளைகள் வருகை தந்தவர்களா, வராதவர்களா என்பது முதல் குழப்பம். அவர்கள் வகுப்பில்தான் இருக்கிறார்கள், ஆசிரியரும் இருக்கிறார், பாடமும் நடக்கிறது, வகுப்புதான் இங்கே இல்லை. வந்தவர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியை சொன்னார். பள்ளி மணி அந்த அறைக்குள் எவ்வளவு தூரத்திலும் கேட்டது என்பதால் பாடவேளைகள் பிசகவில்லை. எந்த வயரோடும் தொடர்பு இல்லாமல் மின்விசிறி சுற்றியது. பள்ளியில் மின்சாரம் போனால் அங்கேயும் நின்றது. நெடுஞ்சாலைக் காவலர்கள் ஒரு முறை கை காட்டி நிறுத்தினார்கள். அறை ஓரம் கட்டி நின்றது. உரிய வயது ஆகாத பெண் லாரி ஓட்டுவது குற்றம் என்றார் ஒருவர். உரிய வயது ஆகாத பெண் வகுப்பறையில் உட்கார்ந்திருப்பது எப்படிக் குற்றமாகும் என்று இன்னொருவர் கேட்டார். இருவரும் அறையை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார்கள். பின்பக்கச் சுவரில் சிவப்பு விளக்கு இல்லை என்பது மட்டும் இருவருக்கும் ஒத்துவந்த குற்றமாக இருந்தது. அதை மாட்டிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மேப் சார் மாட்டிக்கொண்டார்.

மற்றப் பிள்ளைகள் அறை நிற்கும் இடங்களில் இறங்கிப் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார்கள், திங்கட்கிழமை அறை எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு திரும்பப் போனார்கள். கிளட்ச் மட்டும் வரவில்லை. அப்பாவிடமிருந்துதான் முதல் தகவல் வந்தது. போனில் லாரிச் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

“உன் பொண்ணு என்னை ஓவர்டேக் பண்ணிட்டுப் போறாடி!”

“நிறுத்தி வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க.”

“எங்க நிறுத்தறது? மேட்டுல ஏறிட்டிருக்கா. மேட்டுல நிறுத்தினா அப்புறம் எடுக்கறது கஷ்டம்.”

அந்தக் குரலில் இருந்தது கவலையா பெருமையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவருக்கே பிடிபட்டிருக்காது என்பதுதான் பலருடைய அபிப்பிராயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே பஸ் ஏறிப் போனாள். அறை ஒரு பெட்ரோல் பங்கின் ஓரத்தில், டயருக்குக் காற்றடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. அதற்கு டீசலும் தேவையில்லை, காற்றும் தேவையில்லை. லாரிகள் நிற்கிற இடத்தில் நிற்பதுதான் முறை என்று மகள் நினைத்திருந்தாள். முன்பு தாழ்வாரத்தைப் பார்த்திருந்த கதவுக்குக் கீழே ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். அம்மா அதில் ஏறி உள்ளே போனாள். மகள் பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கத்துக் கை மட்டும் கறுத்துப் போயிருந்தது, அவள் அப்பாவுக்கு இருப்பது போலவே. அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வீட்டுக்கு வாடி.”

“வண்டியை ரோட்டுல விட்டுட்டு எப்படிம்மா வர்றது?”

“இது வண்டி இல்லடி. கிளாஸ் ரூம்.”

“அப்போ கிளாஸை விட்டுட்டு எப்படி வர்றது?”

அம்மாவுக்குக் கணவரிடம் எத்தனையோ முறை இதே இடத்தில் வந்து பேச்சு முட்டி நின்றிருக்கிறது. அவராவது வண்டி என்று ஒன்றைத்தான் சொல்வார். இவள் இரண்டு பக்கமும் அடைத்துவிட்டாள். மகளே இறங்கி வந்து அம்மாவின் தோளில் கை போட்டு விளக்கினாள். வண்டியை ஒழுங்காக நிறுத்தாமல் ஓட்டுநர் இறங்கிப் போகக் கூடாது, முதல் பாடமே அதுதான். ஒரு வகுப்பறையை நிறுத்த உலகத்தில் ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது, அது ஆய்வகத்துக்கும் சாமான் அறைக்கும் நடுவே. அங்கே முகத்தைத் தெருப்பக்கம் வைத்துப் பின்னால்தான் போக முடியும். “ரிவர்ஸ் அடுத்த வருஷப் பாடம்மா” என்றாள். மேப் சாரும் புத்தகத்தைப் புரட்டிக் காட்டி, ஆமாம்மா, இந்த வருஷம் வரைக்கும் முன்னாடி போறது மட்டும்தான் என்றார். அவர் முகம் முன்பைவிடத் தெளிவாக இருந்தது. இருபது வருஷமாகக் குச்சியால் தொட்டுக் காட்டிய ஆறுகளையும் மலைகளையும் இப்போதுதான் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார். சில ஆறுகள் அவர் சொல்லிக்கொடுத்த பக்கம் ஓடவில்லை என்பதில் மட்டும் கொஞ்சம் கலங்கிப் போயிருந்தார்.

முன்னால் மட்டுமே போகத் தெரிந்த வண்டி, போகப் போகத் தூரமாகிவிடும் என்று ஊர் பயந்தது. ஆனால் சாலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து சுற்றித்தான் கிடக்கின்றன. மூன்று வாரத்துக்கு ஒரு முறை, சில சமயம் மாதத்துக்கு ஒரு முறை, அறை பள்ளியைக் கடந்து போகும். ஆள் நடக்கும் வேகத்துக்குக் குறைந்து, பிள்ளைகள் ஜன்னலில் தலை நீட்டி, வாசலில் நிற்கும் தலைமையாசிரியைக்கு உள்ளேன் அம்மா சொல்லிவிட்டுப் போவார்கள். கிளட்ச் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து அம்மாவைப் பார்த்து ஆட்டுவாள். அம்மா சாப்பாட்டுப் பொட்டலத்தை ஜன்னலில் நீட்டியபடி கூடவே தபால் நிலையம் வரை ஓடுவாள். காலி இடம் அங்கேயே திறந்து கிடக்கும், அறை அதைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போகும். ஊரில் இதைவிடப் பாவமான காட்சி வேறு கிடையாது. கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போகிற பிள்ளையைப் பெற்றவள், வராத பிள்ளையைப் பெற்றவளைவிட அதிகம் தவித்தாள்.

ரிவர்ஸை இந்த வருஷமே சொல்லிக்கொடுத்துவிட்டால் என்ன என்று அவள் தலைமையாசிரியையைக் கேட்டாள். அவர் மேலிடத்தைக் கேட்டார். மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி காலி இடத்தில் நின்று தெருவையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைப் பதினொன்றில் நடத்த ஆரம்பித்தால் அதற்கு முடிவே இருக்காது என்றார். நாளைக்குக் கணக்கு வாத்தியாரும் கேட்பார். பிள்ளைகள் தேர்வு எழுதட்டும், தேறட்டும், முறைப்படி பின்னால் வரட்டும். இதில் தப்புக் கண்டுபிடிக்க அங்கிருந்த யாராலும் முடியவில்லை. அதே சமயம் சரி என்றும் யாருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் தலையாட்டினார்கள். அம்மா கணவருக்குப் போன் போட்டாள். முப்பது வருஷமாக லாரி ஓட்டுகிற மனுஷன், மகளுக்குப் போகிற வழியில் ஒரு தடவை காட்டிக்கொடுக்கக் கூடாதா என்று சண்டை பிடித்தாள்.

“எனக்கே தெரியாதுடி” என்றார் அவர். “கிளீனர் பின்னாடி நின்னு சொல்லுவான், நான் ஓட்டுவேன். ரிவர்ஸ் ஓட்டறவன் கையில இல்ல. பின்னாடி நிக்கறவங்க வாயில இருக்கு.”

இதற்கிடையில் காலி இடத்துக்கு ஆபத்து வந்தது. அங்கே கம்ப்யூட்டர் அறை கட்ட உத்தரவு வந்துவிட்டது, செங்கல்லும் வந்து இறங்கிவிட்டது. இடம் அடைபட்டால் மகளுக்கு நிறுத்த இடம் இல்லை. நிறுத்த இடம் இல்லையென்றால் அவள் இறங்க மாட்டாள். இந்த ஜென்மத்தில் வீட்டுக்கு வர மாட்டாள். அம்மாவுக்கு இது வெயில் மாதிரித் தெளிவாகத் தெரிந்தது. அன்று சாயங்காலமே ஜெராக்ஸ் மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து காலி இடத்தின் நட்ட நடுவில் இறக்கினாள். ஆய்வகத்திலிருந்து வயர் இழுத்துக்கொண்டாள். மேலே ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு, ஒரு நாற்காலியையும் போட்டுக்கொண்டு வியாபாரத்தை அங்கேயே நடத்த ஆரம்பித்துவிட்டாள்.

“சாங்ஷன் ஆயிடுச்சும்மா, நான் என்ன பண்ண முடியும்?” என்றார் தலைமையாசிரியை.

“கட்டுங்க டீச்சர். என் பொண்ணு வண்டியை நிறுத்தினப்புறம் மிச்சம் இருக்கற இடத்துல கட்டுங்க.”

கொத்தனார்கள் வந்தார்கள், பார்த்தார்கள், தங்கள் ஆதார் அட்டைகளை இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார்கள். மழைக்காலம் முழுக்க அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். இதனால் மகளுக்கு நல்லதா கெட்டதா என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. மகள் வரவேண்டும் என்பதற்காக உட்கார்ந்திருக்கிறாளா, வந்தபின் போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவா என்பதும் அவளுக்கே குழப்பம்தான். இரண்டும் ஒன்றில்லை என்று சில சமயம் தோன்றும், அப்போது யாராவது ஜெராக்ஸ் கேட்டு வந்துவிடுவார்கள்.

தேர்வு முடிந்தது. எல்லாரும் தேறினார்கள். புதுக் கல்வியாண்டு பிறந்ததும், பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களைக் கட்டிப் பஸ்ஸில் போட்டு அனுப்பினார்கள். எங்கோ ஒரு பெரிய மைதானத்தின் ஓரத்தில் அறையை நிறுத்தி, மேப் சார் ரிவர்ஸ் பாடத்தை வரி விடாமல் நடத்தினார். பாடத்தின் முதல் விதி, பின்னால் நிற்பவர் சொல்லாமல் வண்டியை அசைக்கவே கூடாது. மற்ற விதிகள் அவருக்கும் புரியவில்லை, பிள்ளைகளுக்கும் புரியவில்லை. செய்து பார்த்தால் விளங்கலாம் என்று எழுதியிருந்தது. அந்த வாரமே அறை பள்ளி முன்னால் வந்து, முகத்தைத் திருப்பி, பின்பக்கச் சிவப்பு விளக்கைக் காலி இடத்துக்குக் காட்டி நின்றது. அம்மா மெஷினையும் நாற்காலியையும் தாழ்வாரத்துக்கு நகர்த்தினாள், தார்ப்பாயை அவிழ்த்தாள். ஊரே கூடிவிட்டது.

அப்போதுதான் தெரிந்தது, இடம் அறையின் அகலத்துக்குச் சரியாக இருந்தது, ஒரு விரல் கூட உபரி இல்லை. அறை அதிலிருந்து பிடுங்கிக்கொண்டு கிளம்பியதுதானே. கிளட்ச் கியர் போட்டாள், எல்லாரும் ஒரே நேரத்தில் வழி சொல்ல ஆரம்பித்தார்கள். தெருவில், அவளுக்கு முன்னால் நின்ற தலைமையாசிரியை இடது என்றால் அது அவருடைய இடது. தாழ்வாரத்தில், பின்னால் நின்ற வேதியியல் ஆசிரியர் இடது என்றால் அது அதற்கு நேர் எதிர். உடற்பயிற்சி ஆசிரியர் விசில் ஊதினார், வா என்றா நில் என்றா என்று அவருக்கே நிச்சயம் இல்லை. அறை பின்னால் வந்து ஆய்வகத்தின் மூலையில் இடித்தது. உள்ளே குடுவைகள் உருண்டு உடைந்தன. முன்னால் போய் மறுபடி வந்தது, சாமான் அறையின் சன்ஷேடைப் பெயர்த்தது. மூன்றாவது முறையும் அப்படியே. கிளட்சின் முகத்தில் முதல் முறையாக அழுகை தெரிந்தது. கண்ணாடியில் அதைப் பார்த்த அம்மா போட்ட சத்தத்தில் எல்லா வாயும் அடங்கியது.

“யாரும் பேசக்கூடாது. ஒருத்தி போதும்.”

அவள் போய் ஆய்வக மூலையில், மகளுடைய கண்ணாடியில் விழும்படி நின்றுகொண்டாள். இடது வலது என்று ஆரம்பித்தால் தானும் குழம்புவோம், அவளையும் குழப்புவோம் என்று தெரிந்தது. அதனால் தனக்குத் தெரிந்த ஒரே அளவை வைத்துக்கொண்டாள். அறையின் பின்பக்கம் சாமான் அறைப் பக்கம் சாயும்போது, என்கிட்ட வா என்றாள். வாடி, என்கிட்ட வா, இன்னும் வா. மகள் ஸ்டியரிங்கைத் திருப்பினாள், அறை அம்மாவின் பக்கம் வந்தது. இது அவளுக்குச் சுலபமாக இருந்தது, ஒரு வருஷமாக மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததுதான். அடுத்த கணம் அறை அவள் பக்கமே நெருங்கி, சுவரை உரசப் போனது. இப்போது வேறு சொல்ல வேண்டும். அவளுக்கு வாய் வரவில்லை. சொல்லாவிட்டால் இடிக்கும், இன்னொரு முறை இடித்தால் தூண் தாங்காது. எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னை விட்டுப் போ” என்றாள்.

அறை விலகியது. போ, இன்னும் கொஞ்சம் போ, என்னை விட்டுத் தள்ளிப் போ. போதும். இப்போ என்கிட்ட வா. போதும், போ. அந்த முற்பகல் முழுவதும் ஊர் கூடி நின்று கேட்க, பெற்ற மகளைப் பார்த்து வா என்று எத்தனை முறை சொன்னாளோ அத்தனை முறை போ என்றும் சொன்னாள். வா என்பதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அறை எப்போதோ சுவரில் மோதியிருக்கும் என்று அவளுக்கு விளங்கிக்கொண்டே வந்தது. போ என்று சொல்லச் சொல்லத்தான் மகள் நேராக உள்ளே வந்துகொண்டிருந்தாள். இது எப்படி என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் விளக்கியிருக்க முடியாது. கடைசியில் அறையின் கதவு தாழ்வாரத்து விளிம்பில் வந்து அமர்ந்தது. விட்டுப் போன இடத்தில் சுண்ணாம்புக் கோடுகூடப் பிசகாமல் பொருந்தியது. கிளட்ச் இறங்கி வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பசிக்குதும்மா என்றாள்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாள், படுத்தாள், மறுநாள் காலை வரை அசையவில்லை. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, தலைமுடியில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். காலையில் மகள் எழுந்து, துண்டு எங்கேம்மா என்று கேட்டாள், சீருடை போட்டுக்கொண்டாள், பள்ளிக்குப் புறப்பட்டாள். அம்மாவும் கூடவே வந்தாள். இரண்டாம் பாடவேளைக்கு மணி அடித்தது. பன்னிரண்டாம் வகுப்பு லாரிப் பிரிவுப் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், மேப் சார் பிரம்பை எடுத்துக்கொண்டார், ஷட்டர் மேலே போனது. கிளட்ச் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, கியர் போட்டு, காத்திருந்தாள்.

அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு கண்ணாடியில் அவள் பார்க்கும் இடத்தை எல்லாரும் பார்த்தார்கள். ஆய்வக மூலையில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். பின்னால் நிற்பவர் சொல்லாமல் வண்டியை அசைக்கக் கூடாது. அவள் வாயைத் திறக்காமல் நின்றால் போதும், அறை அங்கேயே நிற்கும், நாளைக்கும் நிற்கும், எத்தனை வருஷமானாலும் நிற்கும். மகள் சாயங்காலம் தவறாமல் வீட்டுக்கு வருவாள். அவள் கேட்டதெல்லாம் இதுதான். சத்தமில்லாமல், யாரோடும் சண்டை போடாமல் அது கைக்கு வந்து நிற்கிறது. கண்ணாடியில் மகளின் முகம் அவசரப்படாமல் இருந்தது. போகட்டுமா என்றுகூட அது கேட்கவில்லை. நீ என்ன சொல்கிறாயோ அது என்பது போல இருந்தது, அதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷத்தில் வண்டி எடுக்கிற யாரும் அவளைக் கேட்டுக்கொண்டு எடுத்ததில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாலு மணிக்கு இங்கே நிற்பேன், வந்துடு என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம் கையை விரித்து, அறையின் சுவரில் பலமாக இரண்டு தட்டுத் தட்டினாள்.

“போலாம்!”

அறை கிளம்பித் தெருவில் இறங்கியது. அவள் மெஷினைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகத் தள்ளுவண்டிக்காரரைக் கூப்பிட ஆள் அனுப்பினாள்.